என் பெயரில் வாங்கிய அனுமதி

நானும் என் நண்பனும் சேர்ந்து ஒரு பழைய விமானம் வைத்திருந்தோம். இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரும் அளவுக்குச் சின்னது. ஏதோ ஒரு பயிற்சிப் பள்ளி வேண்டாமென்று கழித்துவிட்டதை வாங்கினோம். சென்னையிலிருந்து காரில் மூன்று மணி நேரம் தள்ளி, வேறொரு பயிற்சிப் பள்ளியின் கொட்டகையில் வாடகைக்கு நிறுத்தியிருந்தோம். அவன் அதை விமானம் என்று சொன்னதே கிடையாது. வண்டி என்பான்.

அவன் கோட்டூர்புரம் ஆற்றோரத்தில், குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் வளர்ந்தவன். கிண்டி தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தான். நான் வக்கீல். அபிராமபுரத்தில் வீடு, வீட்டின் முன்னறைதான் அலுவலகம். நாங்கள் இருவரும் நாற்பதைத் தாண்டிய பிறகு விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். அதனால்தான் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அப்படித்தான் பழக்கம்.

வண்டியை அவன் பார்த்துக்கொண்டான். அனுமதி வாங்குவது என் வேலை.

"உனக்குத்தான் மச்சி இங்கிலீஷ்ல கெஞ்ச வரும்" என்பான்.

கெஞ்சல்தான் அது. பெரிய விமான நிலையத்தில் இறங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது, கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறார்கள். சின்னத் தளங்களில் அப்படி இல்லை. ஒன்று ஆலைக்குச் சொந்தம், ஒன்று ராணுவத்துக்கு, ஒன்று எந்தத் துறைக்குச் சொந்தம் என்று அந்தத் துறைக்கே தெரியாது. முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். அவர்கள் போலீஸிடமிருந்து ஆட்சேபணையில்லை என்ற சான்றைக் கேட்பார்கள். போலீஸ், முதலில் தளத்துக்காரர் சம்மதத்தைக் கொண்டுவா என்பார்கள். தீயணைப்பு வண்டி வரவேண்டும், ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும், ஓடுதளத்தில் மேயும் ஆடுகளை யாராவது ஓட்ட வேண்டும். இதெல்லாம் கூடி வருவதற்குள் மழைக்காலம் வந்துவிடும். பல ஞாயிற்றுக்கிழமைகள் நாங்கள் எங்கேயும் போகாமல், கிளம்பிய இடத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து இறங்கியிருக்கிறோம்.

அவனுக்கு ஒரு தளத்தின் மேல் மட்டும் கண். தெற்கே, வானம் பார்த்த பூமியில், யுத்த காலத்தில் போட்டுக் கைவிட்ட பழைய ஓடுதளம். அதை ஒட்டிய ஊர்தான் அவன் மனைவியின் ஊர். கல்யாணத்தின்போது அவன் மாமனார், "ஆத்தோரம் குடிசையில கெடக்கறவனுக்கா பொண்ணு?" என்று கேட்டாராம். பிறகு சமாதானம் ஆகி, பேத்தி பிறந்து, அவரே பட்டறைக்கு வந்து பூஜையில் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார். ஆனாலும் அந்த வார்த்தை இவனுக்குள் எங்கோ கிடந்தது.

"மாமனார் ஊருக்குப் பஸ்ல போயிருக்கேன், கார்ல போயிருக்கேன். ஒரு தபா மேலேந்து போய் எறங்கணும் மச்சி. வீட்ல சொல்லாத. சும்மா போய் நிக்கணும்."

எழுதினேன். ஒரு வருடத்துக்கு மேல் எழுதினேன். மூன்று அலுவலகங்கள், இரண்டு முறை காணாமல் போன கோப்பு. கடைசியில் அந்தத் தளத்தில் பொறுப்பில் இருந்த ஒப்பந்தப் பணியாளர் ஒருவரின் போன் எண் கிடைத்தது. முகம் தெரியாது, குரல்தான் பழக்கம். பொறுமையான மனிதர். "இன்னைக்குக் கையெழுத்து ஆயிரும் சார்" என்று பல நாள் சொல்லி, ஒரு நாள் உண்மையாகவே கையெழுத்து வாங்கிவிட்டார். விண்ணப்பம் எழுதியவன் நான் என்பதால் விமானி என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

அதே வாரம்தான் நண்பனின் மெடிக்கல் போனது. லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை உடல் தகுதிச் சான்று வாங்க வேண்டும். டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்த டாக்டர், இதயத் துடிப்பு சரியில்லை, மேற்கொண்டு சோதனை வேண்டும், அதுவரை ஓட்டக்கூடாது என்று எழுதிவிட்டார். கோட்டூர்புரம் பாலத்துக்குப் பக்கத்து டீக்கடையில் வைத்து என்னிடம் சொன்னான்.

"ஹார்ட்டு டகடகன்னு எகிறுதாம். எனக்கு ஒண்ணும் தெர்லயே. நல்லாத்தான கீறேன்."

"முதல்ல டெஸ்ட் எல்லாம் பண்ணு. வீட்ல சொன்னியா?"

"சொன்னா பட்டறைக்கே போவ வாணாம்னுவா."

அனுமதி வந்துவிட்டதை நான் அப்போதுதான் சொன்னேன். அவன் முகம் மலரவில்லை. டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் ஓட்டறேன், நீ பக்கத்துல உக்காரு. எறங்கினதும் உங்க மாமனாரை வரச் சொல்லுவோம்" என்றேன்.

"இன்னாத்துக்கு? நீ ஓட்டுவ, நான் மூட்ட மாதிரி பக்கத்துல குந்தினு வரணுமா? வாணாம் மச்சி."

"சரி, விடு. நீ தேறினப்பறம் மறுபடி கேக்கலாம்."

"மறுபடியா" என்று சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அது எது வரைக்கும் செல்லும்?" என்று கேட்டான்.

மாதக் கடைசி வரை என்றேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த மாதத்தின் கடைசி ஞாயிறு. மந்தைவெளியில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அந்தத் தளத்தின் பொறுப்பாளர்.

"சார், எங்க சார் இருக்கீங்க? எங்கயாச்சும் எறங்கிட்டீங்களா?"

"எங்க எறங்கறது? நான் மார்க்கெட்ல இருக்கேன்."

அவர் ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னார்.

"வண்டி மேல ரெண்டு சுத்து சுத்துச்சு சார். பெறவு மேக்கால போச்சு. திரும்ப வரலை. நீங்க எடுக்க மாட்டீங்களோன்னு பயந்துக்கிட்டேதான் போன் பண்ணேன்."

"வர்றதா யார் சொன்னது?"

"நேத்து நீங்கதான சார் போன் பண்ணீங்க. தொண்டை கட்டியிருக்குன்னு சொன்னீங்களே."

கையிலிருந்த பையைக் கடைக்காரரின் தராசுக்குப் பக்கத்தில் வைத்தேன். எடுத்தேனா என்று நினைவில்லை. நண்பனின் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பயிற்சிப் பள்ளியின் கொட்டகைக்கு அடித்தேன். அங்கே இருந்தவர் சாதாரணமாகச் சொன்னார்: "ஆமா சார், காலையிலேயே எடுத்துட்டுப் போனாரே. உங்க பேர்ல பிளைட் பிளான் இருந்துச்சு. நீங்க ரெண்டு பேர்ல யார் ஓட்டினாலும் எங்களுக்கு ஒண்ணுதானே." அவனுடைய மெடிக்கல் போன விஷயம் அங்கே யாருக்கும் தெரியாது.

கார் எடுக்க வீட்டுக்கு வந்தேன். என் மனைவி மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் போன், காலில் செருப்பு இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று மறுபடி உட்கார்ந்துவிட்டாள். விண்ணப்பத்தில் அவசரத்துக்கு என்று அவள் எண்ணைத்தான் கொடுத்திருந்தேன். போலீஸ் அந்த எண்ணுக்கு அழைத்திருந்தார்கள்.

"ஏங்க, நீங்க ஆஸ்பத்திரில இருக்கீங்களாம். சீரியஸா இருக்கீங்களாம்."

என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. "காய் வாங்கத்தானே போனீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பக்கத்து வீட்டு அம்மாவை அவளோடு இருக்கச் சொல்லிவிட்டுக் கோட்டூர்புரம் போனேன்.

நண்பனின் மனைவி கதவைத் திறந்தபோது தலைக்குக் குளித்து ஈரத்துண்டைச் சுற்றியிருந்தாள்.

"வாங்கண்ணா. அவரு பட்டறைக்குப் போயிருக்காரே. ஏதோ அவசர ஆர்டராம், விடியறதுக்குள்ளயே கிளம்பிட்டாரு."

வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், வழியில் விழுந்துவிட்டது, உயிர் இருக்கிறது, நாம் போகவேண்டும் என்று சொன்னேன். அவள் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு, அவனுடைய ஒரு வேட்டியையும் துண்டையும் பையில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். வெளியூரில் படிக்கும் மகளுக்கு இப்போது சொல்ல வேண்டாம் என்றாள்.

தாம்பரம் தாண்டியபின்தான், "எந்த ஊருண்ணா?" என்று கேட்டாள். சொன்னேன்.

"அது எங்க ஊராச்சே."

ஆமாம் என்றேன். எதற்காக அங்கே போனான் என்பதையும் சொன்னேன். அதை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்று தெரியவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் தன் அப்பாவுக்குப் போன் போட்டாள். காருக்குள் அவர் குரல் எனக்கும் கேட்டது.

"ஆத்தா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். இங்கன வத்திக் கெடந்த கண்மாய்க்குள்ள ஒரு பிளேன் விழுந்து கெடக்கு. ஊரே போய்ப் பாத்துட்டு வந்துச்சு. நானும் இப்பத்தான் போயிட்டு வந்து ஒக்காந்தேன். யாரோ மெட்ராஸ் வக்கீலாம், பாவம். மூஞ்சியெல்லாம் ரத்தம். பயலுக கட்டில்ல வச்சுத் தூக்கிட்டுப் போனாய்ங்க."

அவள் போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, அது உங்க மாப்பிள்ளை."

"எது?"

"அந்தப் பிளேன்ல இருந்தவரு. ஆஸ்பத்திரிக்குப் போங்கப்பா. அவரு பக்கத்துல போய் இருங்க."

போன் துண்டிக்கப்படவில்லை. ஒரு ஆடு கத்துவதும் யாரோ பெண் ஏதோ கேட்பதும் கேட்டது. பிறகு அவளே அணைத்துவிட்டாள்.

வெளிச்சம் மங்கும் நேரத்துக்கு அந்த ஊரின் அரசு ஆஸ்பத்திரியில் இருந்தோம். வார்டுக்கு வெளியே, சுவரில் சாய்ந்து தரையில் அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து ஒதுங்கி வழி விட்டார். மகள் முகத்தைப் பார்க்கவில்லை.

கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் என் பெயர் இருந்தது. வயதும் என்னுடையது. பாதி முகத்தைக் கட்டு மறைத்திருந்தது. ஒரு கண் மட்டும் திறந்திருந்தது. மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் அவளைப் பேச அழைத்தார். அப்போது நான் மட்டும் இருந்தேன்.

"ஏன்டா?" என்றேன்.

"பர்மிஷன் வேஸ்ட்டாவுது இல்ல." குரல் காற்றாக வந்தது. "அவ்ளோ கஷ்டப்பட்டு வாங்குன."

"பேசாத."

"ரன்வே நேரா தெரிஞ்சுது மச்சி. நெஞ்சுல ஏறி குந்தின மாரி இருந்துச்சு. அதுக்கு மேல கை போவல." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "வண்டி?"

"இருக்கு."

"பொய் சொல்ற."

அதற்கு மேல் அவன் என்னிடம் பேசவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுவதாக இருந்தார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றும் முன்பே, விடியும்போது முடிந்துவிட்டது.

அதன்பின் அன்று முழுவதும் அவன் பெயரை மீட்பதில் போனது. உடலைக் கொடுக்க வேண்டும் என்றால் இறந்தவர் யார் என்பது சரியாக இருக்க வேண்டும். எல்லாக் காகிதத்திலும் நான்தான் இறந்திருந்தேன். இன்ஸ்பெக்டர் என் அடையாள அட்டையையும் ஆஸ்பத்திரிக் காகிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நீங்க இவருன்னா, உள்ள இருக்கறது யாரு?"

சொன்னேன். எழுதிக் கேட்டார். எழுதினேன். மாமனார் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். முந்தின நாள் அதே ஆளைக் கண்மாயில் ஒரு கை தூரத்தில் பார்த்தும் அடையாளம் தெரியவில்லையா என்று இன்ஸ்பெக்டர் அவரைக் கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். பெரியவர், "வக்கீல்னு சொன்னாங்கய்யா" என்று மட்டும் சொன்னார்.

உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று என் பெயரைப் போட்டுவிட்டிருந்தது. என் வழக்குகளின் கட்சிக்காரர்கள் என் மனைவிக்குப் போன் செய்து துக்கம் கேட்டார்கள். இரண்டு நாள் கழித்துத் திருத்தம் வந்தது. விமானத்தைத் "திருட்டுத்தனமாக எடுத்துச் சென்றவர்" என்று அதில் அவனைப் பற்றி எழுதியிருந்தார்கள்.

அந்த வரிதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

காரியம் முடிந்து சில நாள் கழித்து அவன் மனைவி என்னை வரச்சொன்னாள். விபத்து விசாரணைக்கு நான் போகவேண்டிய வாரம் அது. மகள் ஊரிலிருந்து வந்து அறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"அண்ணா, உங்களக் கேட்டுட்டுத்தான் எடுத்தாருன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"அவன் என்னக் கேக்கலம்மா."

"எனக்குத் தெரியும். ஆனா அவர் இனிமே வந்து பேசப் போறதில்ல. நீங்க பேசலாம். எம் பொண்ணு காலேஜுல அந்தப் பேப்பரக் காட்டிப் பேசறாங்க."

வண்டியில் அவனுக்குச் சரிபாதி இருந்தது, அது திருட்டு ஆகாது, அதைக் கட்டாயம் சொல்வேன் என்றேன். அவளுக்கு அது போதவில்லை.

"உங்க பேர உபயோகிச்சாரே, அது?"

மெடிக்கல் போன ஒருவனுக்கு என் பெயரைக் கொடுத்து அனுப்பினேன் என்று நான் சொன்னால், அவன் சாவுக்கு நானே வழி விட்டதாக ஆகும். அது பொய் மட்டுமல்ல. அந்தத் தளத்தின் பொறுப்பாளரும் தெரிந்தே உடந்தையாக இருந்தார் என்று ஆகிவிடும். வழி விட்டவன் நான்தானோ என்று இரவுகளில் யோசித்துக்கொண்டிருந்தேன். அவளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "பொய் சொல்ல முடியாதும்மா" என்றேன்.

"நீங்க அந்தப் பர்மிஷன ரத்து பண்ணியிருந்தீங்கன்னா அவரு போயிருக்க மாட்டாரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். உண்மையில், பயன்படுத்தாத அனுமதியை ரத்து செய்ய வேண்டும் என்று எனக்கோ அவனுக்கோ தோன்றியதில்லை. கிடைக்காதவற்றோடே பழகியிருந்தோம்.

விசாரணையில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். இயந்திரத்தில் கோளாறு இல்லை என்றார்கள். இதயம்தான் என்று பிரேதப் பரிசோதனையில் இருந்தது. என் லைசென்ஸைச் சில மாதம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்தப் பொறுப்பாளரையும் அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன். நான் நினைத்ததைவிட வயது குறைந்தவர். சட்டையின் பித்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார். போனில் பேசியது யார் என்று உறுதி செய்யாமல் எப்படி ஒப்புக்கொண்டாய் என்று அவரைக் கேட்டார்கள்.

"ஒரு வருஷமா அந்தப் பேருலதான் சார் பேசினேன். வரப்போறோம்னு சொன்னதும் சந்தோஷமா இருந்துச்சு. ஆடெல்லாம் ஓட்டி, ரன்வேயக் கூட்டி வச்சிருந்தேன்."

அடுத்த முறை அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவருக்காக நான் மூன்று மனு எழுதினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. இப்போது மதுரைப் பக்கம் ஒரு கிடங்கில் காவலுக்கு இருப்பதாகச் சொன்னார். என் மேல் அவருக்கு வருத்தம் எதுவும் இருப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நொறுங்கிய வண்டியைக் கண்மாயில் தண்ணீர் வருவதற்குள் எடுத்துவிடச் சொல்லி நோட்டீஸ் வந்தது. டிராக்டரில் ஏற்றி ஒரு பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்தேன். நான் அதன் பிறகு ஓட்டவில்லை. பயம் என்று சொல்ல முடியாது. வானிலை பார்த்துக்கொள்ளலாம், பாதை போட்டுக்கொள்ளலாம்; யாருக்காவது எழுதி, அங்கே இறங்க விடுங்கள் என்று கேட்க உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

அவன் மனைவி பட்டறையைத் தானே நடத்துகிறாள். இரண்டு ஆட்கள் வேலை செய்கிறார்கள். ஒருமுறை நானும் என் மனைவியும் போகும்போது மயிலாப்பூர் குளத்தருகே எதிரில் வந்தாள். என் மனைவியிடம் நலம் விசாரித்தாள். என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டுப் போனாள்.

போன பொங்கலுக்கு அவளுடைய அப்பா எனக்குப் போன் செய்தார். என் எண் எப்படிக் கிடைத்தது என்று தெரியவில்லை. முதலில் மழை பற்றிப் பேசினார். பிறகு கேட்டார்.

"தம்பி, மேல இருந்து பாத்தா கீழ நிக்கற ஆளு தெரியுமா?"

"எவ்வளவு ஒசரத்துல பறக்கறோம்கறதப் பொறுத்துங்கய்யா. ஏன்?"

"அன்னைக்கு நான் வயல்லதான் நின்னேன். தலைக்கு மேல ரெண்டு சுத்து சுத்துச்சு. யாரு எவருன்னு தெரியாது. துண்ட அவுத்து வீசிக் காட்டுனேன். சின்னப் புள்ள மாதிரி."

தளத்தைச் சுற்றிப் பார்க்கும்போது தாழத்தான் பறப்பார்கள் என்றும், வயலில் நிற்பவர் துண்டு வீசினால் கண்ணில் படும் என்றும் சொன்னேன். அது உண்மை.

"முகம் தெரியுமா?"

"முகம் தெரியாதுங்கய்யா."

"சரி தம்பி" என்றார். போனை வைக்கத் தெரியாமலோ என்னவோ, சற்று நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். நானும் வைக்கவில்லை.